புதன்கிழமை ஊசியோடு டைபாய்டு ஊசியும் சேரட்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் நான். போன சித்திரையில் என் சின்ன மகளுக்கு டைபாய்டு வந்தது. நாலு வயது. சூட்டுக் காய்ச்சல் என்று ஒரு வாரம் போனது. அப்புறம் டைபாய்டுக்கான வைடால் ரத்த டெஸ்ட் எடுத்து மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. வேறோர் இடத்தில் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் செய்த பிறகுதான் அந்த மாத்திரைக்கு இந்தக் கிருமி அடங்காது என்று தெரிந்தது. பத்து நாள் நரம்பில் ஊசி ஏற்றினார்கள். பிள்ளை நிற்கக்கூடத் தெம்பில்லாமல் என் தோளிலேயே கிடந்தாள். எனக்கு மூன்று வாரம் சம்பளம் இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "இதுக்குத் தடுப்பூசி இருக்குதுங்களே, போடலீங்களா?"

பிறந்ததிலிருந்து ஒரு புதன்கிழமை தவறாமல் தடுப்பூசி போட்ட பிள்ளை அவள். செவிலியரம்மா சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. அந்த அட்டையில் டைபாய்டு ஊசி இல்லை, அவ்வளவுதான். தனியாரிடம் விசாரித்தால் ஒரு ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேல். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறது. எங்கள் லைன் வீட்டில் பதினோரு குடும்பம், ஒரு பிள்ளைக்கும் போடவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றி நிறையக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இந்தப் புதிய வகை ஊசியை ஆறு மாதக் குழந்தையிலிருந்தே போடலாம், ஒரே தவணை போதும். உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்துவிட்டது. முதலில் அதன் ஒப்புதல் பெற்ற ஊசி நம் ஹைதராபாத்தில் தயாரானது. நேபாளத்திலும் மலாவியிலும் குழந்தைகளிடம் சோதித்தபோது, நூற்றில் எண்பது அளவுக்கு நோயைத் தடுத்தது. பாகிஸ்தான் 2019-இல் தன் அட்டவணையில் சேர்த்தது, நேபாளம் 2022-இல். நம் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவும் 2022-இல் பரிந்துரை செய்தது. இங்கே தயாராகும் மருந்து பக்கத்து நாட்டுக் குழந்தைக்கு இலவசமாகக் கிடைக்கிறது, எங்கள் பிள்ளைக்குக் காசு கொடுத்தால்தான் கிடைக்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் ஊரில் அவ்வளவு டைபாய்டு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017 முதல் 2020 வரை வேலூர் சி.எம்.சி. முன்னின்று நாட்டின் சில இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. வேலூர் நகரில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஆயிரத்துக்கும் மேல் டைபாய்டு.

திருப்பூரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல தண்ணி வரும் நாளில் குடம் குடமாகப் பிடித்து வைத்து, அடுத்த முறை வரும்வரை அதைத்தான் குடிக்கிறோம். குழாய் சாக்கடையை ஒட்டி ஓடுகிற தெருக்கள் உண்டு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து தண்ணியைக் கொதிக்க வைக்க எல்லோருக்கும் தெம்பு இருக்காது. தண்ணியைச் சரி செய்யாமல் ஊசி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. குழாய் மாற்ற வருடங்கள் ஆகும், பிள்ளைகள் அதுவரை காத்திருக்க முடியாது.

டெல்லி ஆரம்பிக்கட்டும் என்று இருக்க வேண்டாமுங்க. நவி மும்பை மாநகராட்சி 2018-லேயே தானாக முன்வந்து ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. அதே போலத் திருப்பூர் மாநகராட்சியில் முதலில் தொடங்குங்கள், பிறகு கோவை, ஈரோடு. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு எப்படியும் தாய்மார் வருகிறோம், அன்றே இதையும் போட்டுவிடலாம். வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள், அவர்களும் எங்களோடு அதே தண்ணியைத்தான் குடிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனமாகச் செய்யுங்கள். 2017-இல் ரூபெல்லா ஊசி முகாமின்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியால் எத்தனையோ பேர் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இந்த முறை முன்கூட்டியே அங்கன்வாடியில் தாய்மாரை உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கள் வீதியில் பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என் மகளையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு தாய்