ஸ்கேனில் தெரியாத வயிற்றுவலி

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான். "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் பையன் நடிக்கிறானா, அக்கா?" பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் உன்னால் பேச முடியவில்லை, நானும் அரைகுறையாகவே சொன்னேன். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்த காலம் முழுவதும் இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் வாயால் கேட்டு வந்திருக்கிறேன். அதனால்தான் உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அவன் நடிக்கவில்லை. வலி உண்மை. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகள் ஓயாமல் சேதி கொண்டுபோய்க் கொண்டிருக்கின்றன. மனம் பதறும்போது குடலின் அசைவு மாறுகிறது. மற்ற நாட்களில் உணரவே உணராத அசைவுகூட அப்போது வலியாகத் தெரிகிறது. பரீட்சை எழுதப் போகும் காலையில் உனக்கு வயிறு புரட்டும், அம்மா மோர் கரைத்துக் கொடுப்பார். அப்போது உன்னை ஸ்கேன் எடுத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

இது உன் வீட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. ஜான் ஏப்லி என்ற குழந்தை மருத்துவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒரு பிள்ளைக்கு, ஏன், அதற்குச் சற்று மேலாகவே, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வயிற்றுவலி மாதக்கணக்கில் வந்து வந்து போனது. தொப்புளை விட்டு வலி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு உடலில் நோயைத் தேட வேண்டும் என்பது அவர் சொல்லிவைத்த கணக்கு. நம் பையன் எங்கே வலிக்கிறது என்றால் தொப்புளின் மேல் உள்ளங்கையை வைக்கிறான். சனிக்கிழமை நான்கு தோசை சாப்பிடுகிறான், திங்கட்கிழமை வேன் வரும் நேரத்துக்குச் சுருண்டு படுக்கிறான்.

ஆனாலும் சிலவற்றை மனதில் வைத்துக்கொள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, அடிவயிற்றின் வலப்பக்கத்தில் நிற்கும் வலி, எடை குறைதல், மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, விடாத காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போ. "மனசுதான் காரணம்" என்று அப்போது யாரும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

உன் மாமியார் திருஷ்டி கழித்தார், விபூதி போட்டு வந்தார், "பையன் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான்" என்றார். நீ அதைச் சலிப்போடு சொன்னாய். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. பரிசோதனைக்குப் பணம் கட்டிய எவரும் கண்டுபிடிக்காததை அவர் கண்டுபிடித்துவிட்டார். பயம்தான். எதைக் கண்டு பயம் என்பதை மட்டும் நாம் தேட வேண்டும்.

அதை நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்காதே. "ஏன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாய்?" என்றால் எந்தப் பிள்ளையும் "தெரியாது" என்றுதான் சொல்லும், அதற்கு உண்மையிலேயே தெரியாமலும் இருக்கலாம். கைக்கு ஒரு வேலை கொடு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்கள் பிரிவுக்கு இதே வலியோடு வந்துகொண்டிருந்தாள். இரண்டு ஸ்கேன், பூச்சி மருந்து, அல்சர் மாத்திரை எல்லாம் ஆகியிருந்தது. ஒருநாள் அவள் தாய் மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது, நான் மடித்துக்கொண்டிருந்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு கட்டை அவள் பக்கம் தள்ளினேன். ஓரம் பிசகாமல் நான்காக மடித்து அடுக்கினாள். அப்படி அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே, "எங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் கிடையாது" என்றாள். பையன்கள் கதவைத் தள்ளிவிட்டு ஓடுவார்களாம். அதற்குப் பயந்து காலையில் எழுந்தது முதல் தண்ணீர் குடிப்பதில்லை, மாலை வீடு வரும்வரை சிறுநீரும் மலமும் அடக்கிக்கொள்கிறாள். அவள் தாய் தலைமையாசிரியரைப் பார்த்தார், தாழ்ப்பாள் வந்தது. வலி அன்றோடு நின்றுவிடவில்லை, நிற்கச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால் நின்றது.

உன் பையன் ஜூனில்தான் பள்ளி மாறினான். கழிப்பறை எப்படி இருக்கிறது, வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான், மதியச் சாப்பாட்டை யாரோடு பிரிக்கிறான், பலகைக்கு முன்னால் நிற்க வைக்கும் ஆசிரியர் யார் என்று ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் பேச்சுவாக்கில் கேள். யாராவது அடிக்கிறார்கள், வகுப்பில் வைத்துக் கேவலப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் தயங்காமல் போய்ப் பேசு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

காலையில் அவன் கண் விழித்ததும் "வயிறு வலிக்கிறதா கண்ணு?" என்று கேட்கிறாயே, அதை நிறுத்து. இது கல்மனதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் லின் வாக்கர் குழுவினர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிறையத் தண்ணீர் கொடுத்து வயிற்றில் அசௌகரியம் உண்டாக்கினார்கள். பெற்றோரில் ஒரு பிரிவினரிடம் அந்த வலியைப் பற்றியே பரிவோடு பேசச் சொன்னார்கள், இன்னொரு பிரிவினரிடம் வேறு பேச்சுக்கு இழுக்கச் சொன்னார்கள். முதல் பிரிவில் பிள்ளைகளின் முறையீடு ஏறத்தாழ இருமடங்கானது. பேச்சு மாறிய பிரிவில் பாதியாகக் குறைந்தது. வலியுள்ள பிள்ளைகளின் பெற்றோர், பேச்சை மாற்றினால் பிள்ளைக்குக் கெடுதல் என்றே எண்ணினார்கள். பிள்ளைகளோ அப்படி மாற்றியதுதான் நன்றாக இருந்தது என்றார்கள். ஆகவே அவனாகச் சொன்னால், "ஆமாம், வலி இருக்கும். கொஞ்ச நேரத்தில் குறையும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஷூவுக்கு பாலிஷ் போடக் கூப்பிடு.

பள்ளிக்கு அவன் போயாக வேண்டும். முதல் வாரம் மதியம்வரை போதும் என்று வகுப்பு ஆசிரியரிடம் பேசி வை. வீட்டில் தங்கிய ஒவ்வொரு நாளும் மறுநாளைய வாசலை உயரமாக்கும். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அன்று டிவியும் கைப்பேசியும் வேண்டாம்.

இனி உன்னைப் பற்றி. நேற்று பதினைந்து நிமிடம் பேசினோம், உன்னைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் "எனக்கென்ன" என்றாய். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார். நான்கரைக்கு எழுகிறாய். இரவு ஒரு மணிக்கு எனக்கு நீ அனுப்பிய செய்திகள் என் போனில் இருக்கின்றன. சாப்பாடு இறங்குவதில்லை, குளிக்கும்போது அழுகை வருகிறது என்று போன மாதம் நீயே சொன்னாய். இது இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது. இது மனச்சோர்வாக இருக்கலாம், இதற்கு மருத்துவம் இருக்கிறது.

பையனுக்காகவாவது இதைக் கேள். மிர்னா வைஸ்மன் குழுவினர் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்த 151 தாய்மாரையும் அவர்களின் பிள்ளைகளையும் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் தாய்க்கு நோய் தணிந்த வீடுகளில், முன்பே மனநலக் குறை இருந்த பிள்ளைகளில் 33 சதவீதம் பேர் அதிலிருந்து மீண்டிருந்தார்கள். தாய் தேறாத வீடுகளில் 12 சதவீதம்தான். அந்த ஆய்வில் மருந்து கொடுத்தது தாய்மாருக்கு. இதைப் படித்துவிட்டு "என்னால்தான் பையனுக்கு வந்ததா" என்று ஆரம்பித்துவிடாதே. உன்னால் வரவில்லை. உன் உடம்பையும் மனதையும் கவனிப்பது அவனுக்குச் செய்யும் வைத்தியத்தில் ஒரு பகுதி, அவ்வளவுதான் நான் சொல்வது.

14416 என்று ஒரு எண் இருக்கிறது. டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு ஒரு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாடிக்குப் போய்ப் பேசு, மாமியார் கேட்டால் அக்காவோடு பேசினேன் என்று சொல். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்றாய். சர்க்கரை நோய்ச் சீட்டோடு வருபவர்கள் நிற்கும் அதே வளாகம்தான் அது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளையிடம் இன்று இரவு நானே பேசுகிறேன், வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, பையனோடு அரைமணி நேரமாவது வீடியோவில் பேசட்டும், படிப்பைப் பற்றி அல்ல. சனிக்கிழமை காலை பஸ்ஸில் பையனை இங்கே அனுப்பிவிடு, நடத்துநரிடம் சொல்லி விட்டால் போதும், நான் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவான். திங்கட்கிழமை நானே கூட வந்து அவனைப் பள்ளியில் விடுகிறேன். அங்கிருந்து நாம் இருவரும் மருத்துவமனைக்குப் போகலாம். ஒன்பது மணிக்குச் சீட்டு போடுவார்கள், ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா