பொருநைப் படித்துறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் நம் படித்துறை, மண்டப வேலை முடிந்துவிட்டது. கடைசிக் கல்லும் உட்கார்ந்தாயிற்று. மண்டபத்துக் கூரை ஒரு பெருமழையை ஒழுகாமல் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தோம். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். மேலே கண்ணுக்குத் தெரிகிற வேலையைவிட மண்ணுக்குள் ஏன் இவ்வளவு பணம் போனது என்று பலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்த விளக்கம்.

படிகளைச் சாய்த்தது 2023 டிசம்பர் வெள்ளம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. பழியை அதன் தலையில் போடுவது சுலபம். ஆனால் கீழ்ப்படிகளைப் பெயர்த்தபோது வேறு கதை தெரிந்தது. அடிக்கல்லுக்குக் கீழே மணலே இல்லை. கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. பல வருடங்களாக மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை இறங்கிவிட்டதால் கடைசிப் படி அந்தரத்தில் நின்றிருக்கிறது. வெள்ளம் வந்து ஒரு தட்டுத் தட்டியது, அவ்வளவுதான். 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் எடுக்க ஐந்தாண்டுத் தடை போட்டது நினைவிருக்கும். அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. மேலிருந்து புது மணல் வருவதற்கும் வழியெங்கும் அணைகள் குறுக்கே நிற்கின்றன.

நம் ஆறு பொதிகையில் பூங்குளம் என்னும் சுனையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. மலைமேல் சோலைக்காடும் புல்வெளியும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசியவிடுவதால்தான் மழை ஓய்ந்த பிறகும் ஆற்றில் தண்ணீர் வருகிறது. மலையில் சோலை செய்கிற அதே வேலையை இங்கே கீழே மணல் செய்கிறது. சித்திரையில் ஆறு நூலாக இளைத்திருக்கும்போதும் மணலைத் தோண்டினால் ஊற்றுக் கிளம்பும். சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்பியதை நம் ஊர் ஆச்சிமார் இன்றும் சொல்வார்கள். குடிநீருக்கு ஆற்றுக்குள் இறக்கியிருக்கும் உறைகிணறுகளும் இந்த ஊற்றை நம்பித்தான் இருக்கின்றன. மணல் போனால் ஊற்றும் போகும். முகத்துவாரத்துப் பக்கம் உப்பு உள்ளே ஏறும்.

இது புரிந்த பிறகு அடித்தளத் திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. முழு அடியையும் கான்கிரீட்டால் மூடிவிடலாம் என்பது முதல் யோசனை. மூத்த கொத்தனார் ஒரே வார்த்தையில் மறுத்தார்: "ஊத்துக்கண்ணை அடைச்சா அது படியைத் தள்ளிரும்." சரிதான். கரையிலிருந்து கசிகிற நீர் பின்னால் தேங்கினால் அந்த அழுத்தமே சுவரைப் பெயர்த்துவிடும். ஆகவே அடியில் பெரிய உடைகல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே மணல் என்று அடுக்கி, படிவரிசைகளுக்கு இடையே கசிவுத் துளைகள் விட்டிருக்கிறோம். அந்தத் துளைகளில் தண்ணீர் வடிவதைப் பார்த்து "அதுக்குள்ள ஒழுகுதே" என்று யாரும் பதற வேண்டாம். அது வடியத்தான் வேண்டும்.

மண்டபத்துக்குச் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி சேர்ந்த பழைய கலவையையே பயன்படுத்தினோம். முதலில் வந்த சுண்ணாம்பு சரியாக நீறாதது. பூசிய இடம் பொரிந்து உதிர, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி பூசினோம். இரண்டு மாதத் தாமதம் அதனால்தான். டைல்ஸ் பதிக்கச் சொன்னவர்களுக்கு: ஈரக்காலோடு ஒரு தடவை டைல்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

இனி வரலாற்றுக் கல். அதில் என்ன பொறிப்பது என்பதில்தான் குழுவுக்குள் சண்டையே வந்தது. புராணம் போதும் என்றார்கள் சிலர். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் ஒன்பது மலர்களை மிதக்கவிட, பாபநாசம் தொடங்கி அவை ஒதுங்கிய இடங்களே நவகைலாயம் என்னும் ஒன்பது சிவத்தலங்கள் ஆயின என்பது நம் ஊர்ப் பிள்ளைகளும் அறிந்த கதை. கடைசி மலர் சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். அதற்குப் பிறகு ஆறு கடலுக்குத்தான் போகிறது.

மற்றவர்கள் துறைமுகங்களைச் சேர்க்கச் சொன்னார்கள். அதை நாங்கள் ஏற்றோம், ஏனென்றால் அதுவும் மணல் கதைதான். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை ஒரு காலத்தில் கடலோரம் இருந்தது. கிரேக்கர்கள் அதைக் 'கொல்கோய்' என்று எழுதி வைத்தார்கள். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலக, இன்று கொற்கை சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அடுத்து எழுந்த துறைமுகம் காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து தங்கியது புன்னைக்காயலில். ஒரே ஆறு துறைமுகங்களைத் தூர்க்கும் அளவுக்கு மண்ணைக் கொண்டுவந்திருக்கிறது. நம் காலத்தில் ஒரு படித்துறையைத் தாங்கும் மணல்கூட அதனிடம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தையும் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். கல்லில் இடம் இல்லை, இங்கே எழுதிவிட்டோம்.

இரண்டு வேலைகள் பாக்கி. படித்துறையை ஒட்டி அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மறுபடி மண்டுகிறது. குளித்துவிட்டு விட்டுப்போகும் பழந்துணியை அகற்ற வாரம் ஒரு ஆள் தேவை. கையிருப்பில் மிஞ்சியதை இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஆடி அமாவாசைக்கு முந்தைய ஞாயிறு காலை துப்புரவு வேலை. மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். குழுவிடம் இருப்பது நான்குதான்.

இப்படிக்கு,
படித்துறைத் திருப்பணிக் குழுவினர்