தொற்றுக் கால மனநலம்: அறிவுரையைவிட ஆள்பலமே தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரோனாத் தொற்றின்போது மருத்துவமனைகளில் பணியாற்றியவர்களின் மன உளைச்சலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தியானம், மூச்சுப் பயிற்சி, ஆலோசனைத் தொலைபேசி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் கரோனா வார்டில் இரண்டு அலைகளிலும் பணியாற்றிய செவிலியர் என்ற முறையில், அந்த உளைச்சல் எங்கிருந்து வந்தது, எது அதைத் தாங்க உதவியது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அடுத்த தொற்றுக்கான திட்டத்தில் ஊழியர் மனநலம் என்பது ஆலோசகர் ஒருவரை நியமிப்பதோடு முடிந்துவிடும் காரியமாக இருக்கக் கூடாது என்பதே என் கவலை.

இப்படி நேரும் என்பது முன்பே தெரியாத ஒன்றல்ல. 2020 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் நடத்தப்பட்ட ஆய்வில், பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், மூவரில் ஒருவரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. செவிலியர்களிடமும், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தவர்களிடமும் பாதிப்பு கடுமையாக இருந்தது. 2003 இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று தாக்கிய கனடாவின் டொரண்டோ நகரில் ஓராண்டு, ஈராண்டு கழித்து ஆராய்ந்தபோதும், சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் ஊழியர்களிடம் மன உளைச்சல் நீங்காமலே இருந்தது தெரியவந்தது. தமிழகத்தில் முதல் நோயாளி கண்டறியப்பட்டதோ 2020 மார்ச் 7 அன்றுதான்.

முதல் அலையில் எங்களை வாட்டியது சாவு பயத்தைவிட, நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம். வயதான மாமியாரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ஒருத்தி, கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டு உள்ளே போனாலும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதோடு ஊரின் பார்வையும் சேர்ந்துகொண்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் எங்களில் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் கரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் தாக்கிய செய்தி வந்த அன்று, வார்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் மத்திய அவசரச் சட்டமும், அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய மாநில அவசரச் சட்டமும் அந்த மாதமே வந்தன என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். அவை எங்களுக்குத் தந்த தெம்பு, மார்ச் 22 அன்று ஊரே கைதட்டியபோது கிடைத்ததைவிடப் பெரியது.

இரண்டாம் அலையின் உளைச்சல் வேறு வகை. 2021 மே மாதத்தில் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதையும், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 நோயாளிகள் இறந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தும், ஆக்சிஜன் படுக்கை காலியில்லாத காரணத்தால் அதைச் செய்ய முடியாமல் நிற்பது, பயத்தைப் போல நாளடைவில் பழகிவிடும் துன்பமல்ல. உறவினருக்கு அனுமதியில்லாததால், கடைசி நேரத்தில் நோயாளியின் கையைப் பிடித்திருந்தவர்கள் நாங்கள்தான். அந்தக் கையிலும் இரண்டு அடுக்குக் கையுறை இருந்தது. கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீர் கழிக்காமலும், மாதவிடாய் நாட்களிலும் அப்படியே, இத்தனையையும் பார்த்தோம்.

வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண நாட்களில் வார்டில் ஒரு மரணம் நேர்ந்தால், வேலையெல்லாம் முடிந்தபின் டியூட்டி அறையில் நான்கு பேர் சேர்ந்து தேநீர் குடித்தபடி அதைப் பற்றிப் பேசுவோம். அழுவதும், மூத்த சிஸ்டர் அதட்டித் தேற்றுவதும் அங்கேதான். யாரும் அதை மனநலச் சிகிச்சை என்று அழைத்ததில்லை. ஆனால், இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் எங்களை நிலைநிறுத்தியது அதுதான். கரோனா வந்தபின், சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால் அந்த அறையே தொற்றுக்கு வழியாகி, ஒவ்வொருவரும் தனித்தனி மூலையில் சுவரைப் பார்த்து உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. துக்கம் மிகுந்த காலத்தில், துக்கத்தை இறக்கிவைக்க எங்களுக்கு இருந்த ஒரே இடமும் இல்லாமல் போனது.

அப்படியிருந்தும் தாக்குப்பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது ஓய்வு முறை. ஒரு வாரம் வார்டு, அடுத்த வாரம் விடுதியில் தனிமை என்று இருந்தவரை, குடும்பத்துக்கு நோயைத் தந்துவிடுவோமோ என்ற பயமும் உடல் அசதியும் ஒருசேரக் குறைந்தன. 2020 மே 15 அன்று வெளியான மத்திய வழிகாட்டுதல், முறையான பாதுகாப்போடு பணியாற்றியவர்களுக்குப் பணிக்குப் பிந்தைய தனிமை தேவையில்லை என்றபோது நாங்கள் கலங்கியதற்கும், ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் தங்குமிடத்தையும் சம்பளத்தையும் உறுதிசெய்யச் சொன்னபோது ஆறுதலடைந்ததற்கும் இதுவே காரணம். புதிதாக வந்த செவிலியரை அனுபவசாலி ஒருவரோடு இணைத்து அனுப்பியதும், அன்றன்று என்ன நடந்தது என்பதை இரவில் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் பகிர்ந்ததும், நோயாளியின் மகனுக்கோ மகளுக்கோ வீடியோ அழைப்பில் அவர் முகத்தைக் காட்டியதும் எங்களுக்கே மருந்தாக அமைந்தன.

இவற்றுள் பெரும்பாலானவை ஆட்கள் போதுமான அளவில் இருந்தால்தான் நடக்கும். ஒருவருக்கு ஒரு வாரம் ஓய்வு தர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக அப்போது வந்தவர்கள் ஒப்பந்தச் செவிலியர்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடித்துவைக்கப்பட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மாதக் கடைசியில் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு நாக்கு எழாது. தூய்மைப் பணியாளர்களும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களும் பட்டது எங்களைவிடக் குறைவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்டதோ மிகக் குறைவு.

14416 என்ற மனநல உதவி எண்ணையும், மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘மனம்’ திட்டத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், தன் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ, பணிப் பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சும் செவிலியர் எந்த எண்ணையும் அழைக்க மாட்டார். கரோனாக் கால 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு உயிரிழந்தவரின் குடும்பத்துக்குத்தான் கிடைத்தது. உயிரோடு இருந்து உறக்கத்தை இழந்தவருக்குக் காரணம் கேட்காத நான்கு நாள் விடுப்புகூட இல்லை. எனவே, மாநிலத் தொற்றுநோய்த் தயார்நிலைத் திட்டத்தில், சுழற்சி ஓய்வு, தனித் தங்குமிடம், பதிவேட்டில் ஏறாத மனநல விடுப்பு, தொற்று தணிந்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஊழியர்களின் மனநலப் பரிசோதனை ஆகியவற்றை, ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் சேர்த்து எழுத்தில் உறுதிசெய்யுமாறு சுகாதாரத் துறையைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.
(அரசுப் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)