ஸ்கிராபிள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆங்கில எழுத்து வில்லைகளைப் பலகையில் கோத்துச் சொல் அமைத்துப் புள்ளி எடுக்கும் நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள், அடைமழை நாட்கள் தவிர, தவறாமல் நடந்தன. நூலகக் கூடத்தை இந்த ஆண்டும் வாடகை வாங்காமல் தந்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேச வைத்தது ஒரே கேள்விதான்: பலகையில் வைக்கிற சொல்லுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டுமா? தொடங்கி வைத்தவர் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். அவருக்கு எதிரே ஆடிய கல்லூரி மாணவர், க்யூ எழுத்தை அதன் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் வைத்து, குறுக்கே ஒரு ஐ, நெடுக்கே ஒரு ஐ என்று ஒரே முறையில் 62 புள்ளி எடுத்துவிட்டார். "இது என்ன சொல்?" என்று பெரியவர் கேட்டதற்கு, "தெரியாது சார், லிஸ்டில் இருக்கு" என்று பதில் வந்தது. ஆட்டத்தில் செல்லுபடியாகும் சொற்களின் காலின்ஸ் பட்டியலைத்தான் சொன்னார். அன்று ஆட்டம் அதோடு முடிந்தது. வாக்குவாதம் வாசல் வரைக்கும் தொடர்ந்தது.

செயற்குழு கூடி ஒரு நடைமுறை கொண்டுவந்தது. வினோதமான சொல்லை வைத்தவர், ஆட்டம் முடிந்ததும் அதைப் பொருளோடு கரும்பலகையில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் அகராதியைப் பார்த்து எழுதலாம். புள்ளி குறையாது. அந்தக் க்யூ, ஐ சொல்லே முதலில் பலகை ஏறியது. சீன மரபில் உயிராற்றல் என்று பொருள், உச்சரிப்பு 'சீ'. யாரும் திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வந்தவை ஒவ்வொன்றும் ஒரு ஊர். சி, டபிள்யூ, எம் மூன்றும் சேர்ந்தால் வேல்ஸ் மொழியிலிருந்து வந்த 'கூம்', மலைச்சரிவில் பனியாறு குடைந்த கிண்ணப் பள்ளத்தாக்கு. உயிரெழுத்தே கையில் இல்லாதபோது காப்பாற்றும். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கடந்துபோகும் வெஸ்டர்ன் கூம் இதே சொல்தான். 'கனாத்' என்பது ஈரானில் மலையடி நீரைப் பூமிக்கடியிலேயே வயலுக்குக் கொண்டுவரும் சுரங்க வாய்க்கால். க்யூவுக்குப் பின்னால் யூ வேண்டாம் என்பதால் நமக்கு அருமை. இதற்கு நேர்மாறாக, ஆறு எழுத்தும் உயிரெழுத்தாகவே வரும் ஒரு சொல்லை ஓர் உறுப்பினர் வைத்தார்: இ, யூ, ஓ, யூ, ஏ, இ. எதிராளி உடனே அப்படியொரு சொல் இல்லை என்று சேலஞ்ச் செய்தார்; பட்டியலில் இருந்ததால் தோற்றார். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாட்டேடுகளில், 'செகுலோரும் ஆமென்' என்ற லத்தீன் முடிப்பின் உயிரெழுத்துகளை மட்டும் பொறுக்கி எழுதிய சுருக்கம் அது. பொருள் கேட்ட பிறகு அந்தச் சொல்லை இங்கே யாரும் மறக்கவில்லை. வெறும் பட்டியலாகப் படித்தபோது பத்து நாள்கூட நிற்காத சொல்.

நம் பக்கத்துச் சொற்களும் வந்தன. சுருட்டிலிருந்து போன 'செரூட்', வெட்டிவேரிலிருந்து போன 'வெட்டிவர்' இரண்டும் ஆங்கில எழுத்தில் ஏழு. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே மூச்சில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். ஆனால் வெட்டிவருக்கு இரண்டு வீ வேண்டும். பெட்டியில் இருப்பதே இரண்டுதான். காலின்ஸ் பட்டியலில் வீ வரும் ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லாததால் எல்லாரும் வீயைக் கழித்துக்கட்டவே பார்ப்பார்கள். இரண்டையும் பிடித்து வைத்திருந்து அந்தச் சொல்லை வைத்த நம் உறுப்பினருக்குக் கைதட்டல் கொடுத்தது நியாயம். 'தோசை'க்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை: ஆங்கிலத்தில் 'தோசா' ஒருமையாம், 'தோசை' பன்மையாம். ஒன்றோடு எழுந்துபோகிறவர்கள் யோசிக்கவும்.

பொருள் தேவையில்லை என்கிற இளைஞர் அணியின் வாதத்தையும் பதிவு செய்கிறேன். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் 2021இல் சுமார் 400 இழிசொற்கள் காலின்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சொற்கள் பலகையில் வெறும் புள்ளிக் கட்டைகள்தான் என்று உலக அளவில் சில ஆட்டக்காரர்களே அப்போது எதிர்த்தார்கள். ஒருவரைப் புண்படுத்தும் சொல் பலகையில் ஏறியதும் பொருளை இழந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிச்சர்ட்ஸ் நினைவாற்றல் நமக்கும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருள்தான் சொல்லைப் பிடித்துவைக்கும் கொக்கி.

பள்ளி மாணவர்களுக்கான விடுமுறைப் பயிற்சி நடந்தது. வந்தவர்கள் குறைவு, வந்தவர்களில் சிலர் இப்போது பெரியவர்களைத் தோற்கடிக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு நட்பு ஆட்டமும் நடந்தது. தோற்றோம், சாப்பாடு நன்றாக இருந்தது.

இரண்டாம் செட்டில் எஸ் ஒன்று குறைகிறது. ஒரு செட்டுக்கு மொத்தமே நான்கு எஸ் என்பதால் அந்தச் செட்டைப் போட்டி ஆட்டத்துக்குப் பயன்படுத்த முடியவில்லை. வீட்டில் சட்டைப் பைகளைத் துழாவிப் பார்க்கவும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள்: புதிய காலின்ஸ் பட்டியல் ஒரு பிரதி வாங்குவது, கரும்பலகை நடைமுறையை விதியாக்காமல் வழக்கமாகத் தொடர்வது. விதியாக்கினால் மறுபடியும் வாசல் வரைக்கும் சண்டை போகும் என்று செயற்குழு கருதுகிறது. இவற்றோடு இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்