சடவா இருக்குது என்றார் அண்ணன்

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பாப்பா எதற்கெடுத்தாலும் 'டிப்ரஷன்', 'ஆங்சைட்டி' என்கிறாள், காலேஜில் படித்ததை வைத்து உன்னையே 'நீங்க டினையல்ல இருக்கீங்கப்பா' என்கிறாள் என்று எழுதியிருந்தாய். சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அந்த வார்த்தைகளெல்லாம் இந்த வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

தென்னந்தோப்பில் வாடல் நோய் விழுந்தது உனக்குத் தெரியும். ஓலை தொங்கி, கீற்றெல்லாம் விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்துவிடும். குணப்படுத்த மருந்து கிடையாது. அப்பாரு வைத்த மரங்களில் எண்பதை வெட்டினோம். அதற்கப்புறம்தான் அண்ணன் "சடவா இருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். நம்ம பக்கம் உடம்பு அசந்தாலே சடவுதான்; களை வெட்டி வந்தாலும் சடவுதான், காய்ச்சலுக்கு முன்னாலும் சடவுதான். யார் கண்டுகொள்வார்கள்?

ஒருநாள் வெள்ளென தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ஓடுகிறது. அண்ணன் மண்வெட்டியை மடியில் சாய்த்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். பாத்தி நிறைந்து, தண்ணீர் வண்டித்தடத்தில் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. மடை திருப்பவில்லை. ஒரு குடம் வீணானாலும் ஆளை விரட்டுகிற மனுஷன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணா, தண்ணி போகுதே" என்றேன். "போகட்டும்" என்றார்.

அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "எண்பது மரம் போனா யாருக்குத்தான் மனசு இருக்கும், தானாச் சரியாயிரும்" என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். இதற்கு 'காரணம் கற்பித்தல்' என்று பேராம். அம்மா "அவனுக்கு ஒண்ணுமில்லை, யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தார். ஒண்ணுமில்லை என்றாரே, அதுதான் உன் மகள் சொல்கிற 'டினையல்', தமிழில் மறுப்பு. அண்ணனோ, விலையைக் குறைத்த தேங்காய் வியாபாரியிடம் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்பு கூட என்று அண்ணியிடம் கத்தினார். அது இடமாற்றம், கோபம் ஏறுகிற இடம் ஒன்று, இறங்குகிற இடம் வேறு. "நீங்கதான் எல்லாரும் எம்மேல வெறுப்பா இருக்கீங்க" என்றும் சொல்வார். தன் மனசில் இருப்பதை அடுத்தவர் முகத்தில் பார்ப்பது புறத்தேற்றம்.

இதையெல்லாம் மனசை ஆராய்ந்த பிராய்டு என்கிற டாக்டர் தொடங்கிவைக்க, அவர் மகள் அன்னா 1936-ல் ஒழுங்குபடுத்திப் புத்தகமாக எழுதினார். (அப்பன் தொடங்கியதை மகள் திருத்துவது உன் வீட்டில் மட்டும் நடப்பதில்லை, பார்.) மனசின் தற்காப்பு என்கிறார்கள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். இதில் மனசு நம்மைக் கேட்காமலே வேலையைப் பார்த்துவிடுகிறது. எல்லாமே கெடுதல் என்றும் இல்லை. பெரியப்பா மகனைப் பறிகொடுத்த வருஷம் அப்பாரு வண்டித்தடம் நெடுக வேப்பங்கன்று நட்டாரே, துக்கத்தை நல்ல வேலையாக மாற்றிக்கொண்ட அதுவும் இந்த வகையில்தான் வருமாம்.

நெஞ்சுக்கு ஈசிஜி, வயிற்றுக்கு ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, எதிலாவது ஆசை இருக்கிறதா, பசிக்கிறதா என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலும் நாள் முழுக்க இப்படி இருந்தால் மனச்சோர்வு நோய் என்று பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு எட்டு மாசம்.

அப்புறம் நேராகவே, "செத்துப்போயிரலாம்னு தோணுதுங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று நாங்கள் யாரும் வாயே திறந்ததில்லை. கேட்பதால் வராதாம். அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "தோணுதுங்க" என்றார். அன்றைக்குப் பொழுதோட தோட்டத்துச் சாளையில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் பூட்டினோம். சாவி அண்ணியிடம்.

மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். மூன்றாம் வாரம் அண்ணன் இரண்டாம் தடவை களி வாங்கிச் சாப்பிட்டார்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு கலக்குவது எல்லாருக்கும் உள்ளதுதான். மாசக்கணக்கில் பயம் விடாமல், காலேஜுக்குப் போவது மாதிரி அன்றாடக் காரியமே கெட்டுப்போனால் பதற்ற நோயாக இருக்கலாம். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தேன் என்று தோன்றிச் சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கினால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். அதற்காக மாரடைப்பு இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. காலையில் சிரித்து மாலையில் முகம் தூக்கினால் 'பைபோலார்' என்கிறார்களே, அது தப்பு. மனசு ஒரேயடியாக எழும்புவதும் விழுவதுமான அந்த நோயில் ஒரு எழுச்சியே நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் நிற்கும். மனச்சிதைவு ('ஸ்கிசோப்ரினியா') என்பதும் ஒரு உடம்பில் இரண்டு ஆள் இருப்பதில்லை. நானும் கொஞ்ச நாள் பார்க்கிறவனுக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டு திரிந்தேன். "முதல்ல கண்ணாடியப் பாருங்க" என்றாள் வீட்டுக்காரி. நிறுத்திவிட்டேன்.

பாப்பாவை ஓட்டாதே. இரவில் தூங்குகிறாளா என்று மட்டும் கேள். அவசரமென்றால் 14416 என்ற எண், டெலி மானஸ் என்கிற மனநல உதவி போன், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வருகிற 20-ஆம் தேதி மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகிறோம். பத்து மணிக்கு உக்கடத்தில் இறங்குவோம், முடிந்தால் நீயும் வா. அண்ணன் உன்னைக் கேட்டார். போன பொங்கலுக்கு நீ எடுத்துப்போன கடப்பாரை இன்னும் வரவில்லையாம்.

உன்,
மாப்ள