எடை போடாமலே விலை போட்ட 1860 பென்னி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்ஹாம்

பெறுநர்: மேலாளர், ஏல நிறுவனத்தின் நாணயப் பிரிவு

பொருள்: மதிப்பீட்டுக்குக் கொடுத்த செப்புக் காசுகளைத் தவறாகக் கணித்ததும், ஒன்றைக் கெடுத்ததும் தொடர்பாக.

ஐயா,

என் அப்பா சேர்த்து வைத்திருந்த 14 பழைய பிரிட்டிஷ் செப்புக் காசுகளைப் போன மாதம் உங்கள் கவுண்டரில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். நேற்று முன்தினம் உங்கள் ஏலப் பட்டியல் தபாலில் வந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் 1860 பென்னி. "விக்டோரியா பென்னி, வெண்கலம், தேய்ந்தது, சாதாரணம்" என்று போட்டு, வேறு எட்டுக் காசுகளோடு ஒரே லாட்டில் சேர்த்து, மொத்தத்துக்கும் 15 பவுண்டு என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள். அது வெண்கலம் இல்லை, ஐயா, செம்பு. 1860-இல்தான் பிரிட்டன் செப்புக் காசை விட்டு வெண்கலத்துக்கு மாறியது. அந்த ஆண்டு போட்ட வெண்கலப் பென்னிகள் ஏராளம், யாரிடமும் கிடைக்கும். ஆனால் பழைய செப்பு வகையில் 1860 என்று இருப்பவை மிகக் குறைவு. 1859-ஐத் திருத்தி 1860 ஆக்கிய அச்சில் அடித்தவை அவை. எங்கள் காசில் 60-க்கு அடியில் பழைய எண்ணின் தடம் சாதாரண லென்ஸிலேயே தெரிகிறது. தேய்ந்த நிலையில்கூட இந்த வகை நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகும்.

எண்ணின் தடம் கண்ணில் படவில்லை என்றாலும் சரி, ஒரு தராசு போதாதா? செப்புப் பென்னி 18.8 கிராம், குறுக்களவு 34 மில்லிமீட்டர். வெண்கலப் பென்னி 9.4 கிராம், 31 மில்லிமீட்டருக்குள். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு எடை! வீட்டில் மாவு நிறுக்கிற தராசில் நான் போட்டபோதே 18.6 காட்டியது. தராசும் வேண்டாம். செப்புக் காசில் ஆண்டு ராணியின் தலைக்குக் கீழே இருக்கும். வெண்கலத்தில் அது மறுபக்கத்துக்கு, சூலம் ஏந்திய பிரிட்டானியா என்ற பெண் உருவம் இருக்கும் பக்கத்துக்கு, போய்விட்டது, கூடவே 'ஒன் பென்னி' என்ற எழுத்தும் வந்துவிட்டது. உங்கள் பட்டியலிலேயே ராணி பக்கத்துப் படம் அச்சாகியிருக்கிறது, ஆண்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டை மட்டும் பார்த்து விலைப்பட்டியலில் முதல் வரியை எடுத்து எழுதிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே அவசரத்தில்தான் இரண்டு 1853 பென்னிகளையும் "ஒரே மாதிரி இரண்டு" என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் பிரிட்டானியாவின் சூலத்தில் முட்களுக்கு அடியில் பூவேலை இருக்கிறது, மற்றதில் இல்லை. பூவேலை இல்லாததுதான் அந்த ஆண்டில் குறைவாகக் கிடைப்பது. விலையில் பெரிய வித்தியாசம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தானே?

அடுத்தது, எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 1797 ட்வோபென்ஸ், அதாவது இரண்டு பென்னி காசு. வண்டிச்சக்கரம் என்று பெயர் வாங்கிய அந்தப் பெரிய காசு. மாத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் சோஹோ நாணய ஆலையில் நீராவி எந்திரத்தில் அடித்தது, 41 மில்லிமீட்டர், சரியாக இரண்டு அவுன்ஸ் செம்பு. அந்த ஆலை இருந்தது இந்த ஹேண்ட்ஸ்வொர்த்தில்தான். சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறிய அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. கிழக்கிந்தியக் கம்பெனி 1803-இல் மதராஸுக்கு அனுப்பிய 20 காசு நாணயங்களும் இதே ஆலையில் அடித்தவைதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ட்வோபென்ஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, கனத்தைப் பார் என்பார். கொடுக்கும்போது அது ஒரே சீரான கரும்பழுப்பாக இருந்தது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் அது பளபளவென்று ரோஜா நிறத்தில் இருக்கிறது.

யாரோ அதைத் தேய்த்து விளக்கியிருக்கிறார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கலாம். பழைய செப்புக் காசை அப்படிச் செய்யவே கூடாது. இருநூறு ஆண்டுகளில் படிந்த அந்த நிறம்தான் அதன் மதிப்பு. ஒருமுறை உரிந்தால் திரும்ப வராது. விளிம்போரத்தில் கொஞ்சம் களிம்பு இருந்தது உண்மைதான். அதை என்னிடம் கேட்டிருக்கலாமே? சுத்தம் செய்ய நான் சம்மதிக்கவில்லை, ரசீதிலும் அப்படி எதுவும் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "வாங்குபவர்களுக்குப் பளிச்சென்று இருந்தால் பிடிக்கும்" என்று பதில் வந்தது. நாணயப் பிரிவில் இருப்பவர் சொல்கிற பேச்சா இது?

வரும் வியாழக்கிழமை ஏலம். அதற்கு முன் அந்த 15 பவுண்டு லாட்டையும் ட்வோபென்ஸையும் விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். 1860 பென்னியை என் முன்னால் எடை போட்டு, செப்பு வகைகளை அறிந்த வேறொருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசு அடித்த பிறகு யாரோ எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அவர் காரணத்தோடு காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன். ட்வோபென்ஸை யார், எதைக் கொண்டு விளக்கினார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். முன்பு இருந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், நான் கட்டிய 40 பவுண்டு மதிப்பீட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

14 காசுகளையும் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், கூரியரில் அனுப்ப வேண்டாம். அதுவரை அவற்றில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதின் நகலும் நான் எடுத்த படங்களும் இத்துடன் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்