பையைக் கொடுக்கும் முன் பறிக்கச் சொல்லிக்கொடுங்கள்

ஆப்பிள் தோட்டங்களைக் குடும்பங்கள் வந்து தாங்களே பழம் பறிக்கத் திறந்துவிடும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இலையுதிர் காலம் வந்தால் பிள்ளைகுட்டிகளோடு தோட்டத்துக்குக் கிளம்பிவிடும் கூட்டத்தில் நாங்களும் உண்டு. டிராக்டர் சவாரி, வைக்கோல் மேடு எல்லாம் பிரமாதம். குறை ஒன்றுதான். வாசலில் பையைக் கொடுக்கிறீர்கள். பழத்தை எப்படிப் பறிப்பது என்று யாரும் சொல்வதில்லை. மரத்தில் ஏறாதீர்கள், கிளையை உலுக்காதீர்கள் என்று பலகைகள் இருக்கின்றன. சரி, ஏறவில்லை, உலுக்கவில்லை. அப்புறம்?

இந்த முறை பக்கத்து வரிசையில் ஒரு சிறுமி பழத்தை இரண்டு கையாலும் பிடித்து, தொங்காத குறையாக இழுத்தாள். பழம் வந்தது. கூடவே இரண்டு இலை, விரல் நீளக் குச்சி, அதில் பருத்த மொட்டு ஒன்று. கிளை அதிர்ந்ததில் இன்னும் சில பழங்கள் புல்லில் பொத்தென்று விழுந்தன. அவளுடைய அப்பா கைதட்டினார். ஆப்பிள் மரம் அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டை இந்தக் கோடையிலேயே கட்டிவிடுகிறது என்பதும், அந்தக் குட்டைக் குச்சியை விட்டுவைத்தால் பல வருஷம் காய்க்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

சொல்லித்தர ஐந்து நிமிஷம் போதும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகினால் முற்றிய பழம் காம்போடு வந்துவிடும். வரவில்லையா, விட்டுவிட வேண்டியதுதான். சிவப்பை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். வெயில் படும் பக்கம் முற்றுவதற்கு முன்பே சிவந்துவிடும். சிவப்பு ஏறாத இடத்தில் பச்சை வெளுத்து மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (பச்சையாகவே முற்றும் ரகங்களுக்கு இது பொருந்தாது). ஒரு பழத்தை அங்கேயே நறுக்கிப் பழுப்பேறிய விதையைக் காட்டுங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மரத்தை உயரமாக வளரவிடாத எம்9 போன்ற வேர்க்கன்றில் (ஒட்டின் அடிப்பாகமாகும் செடி) ஒட்டுக்கட்டிய குட்டை மரங்கள் என்றால் பழம் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் தொங்குகிறது. பாதி வேலையை மரமே செய்துவிட்டது.

பழத்தைப் பைக்குள் போடாமல், வைக்கச் சொல்லுங்கள். அடிபட்டுக் கன்றிய பழம் எத்திலீன் வாயுவைக் கூடுதலாக வெளியிட்டு, பக்கத்தில் இருப்பவற்றையும் சீக்கிரம் கனியவைத்துவிடும். அப்புறம் ‘தோட்டத்துப் பழம் தாங்கவில்லை’ என்ற பழி உங்கள் தலையில்தான் விழும். ரகங்களையும் சொல்லுங்கள். ‘காலா’ ரகம் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ‘ஃபூஜி’ ரகம் கடைசியில் வரும், குளிரில் மாதக்கணக்கில் தாங்கும். எதை உடனே தின்பது, எதை எடுத்துவைப்பது என்று வரிசை முனையில் எழுதிவைத்தால், கண்ணில் பட்டதையெல்லாம் பையில் திணிப்பது குறையும்.

ஏற்கெனவே கீழே கிடக்கும் பழங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானும் பறவையும் நடமாடும் தரை அது. துடைத்துவிட்டுக் கடிக்கும் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்; ஆனால் காரணத்தை நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். பெற்றோர் சொல்லுக்கு அன்றைக்கு மதிப்புக் கிடையாது.

இன்னொன்று, இது சொந்தக் கோரிக்கை. வரிசைகளுக்கு நடுவே இரண்டு பெஞ்சாவது போடுங்கள். எங்கள் அம்மா கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்துதான், நாங்கள் பறித்துவந்ததில் பாதியைக் காய் என்று ஒதுக்கினார்.

இப்படிக்கு,
வருஷம் தவறாமல் வரும் குடும்பங்களில் ஒன்று